மருமகள் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கோர்ட்டில் சாட்சிக் கூண்டு ஏறியிருக்கிறேன். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்வதற்காக ஏறினேன். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சனி, ஞாயிறு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டார வயலூர்களுக்குப் போய், உறவுமுறைச் சொற்களைக் கேட்டு நோட்டில் எழுதுவேன். அம்மையோட அண்ணனை என்ன சொல்லி விளிப்பிய, தங்கச்சி மகனுக்கு என்ன முறை என்று வீடு வீடாகக் கேட்பேன். கல்யாணத் தரகன் என்று நினைத்து, உள்ளே போய் ஜாதகத்தை எடுத்து வந்து கையில் தந்தவர்கள் உண்டு. சொற்களின் பொருள் எப்படி மாறுகிறது என்பதை நேரில் பார்க்க நாஞ்சில் நாட்டைப் போல வேறு இடம் கிடையாது என்று நம்பினேன். காரணம் மருமக்கள் வழி.

எங்கள் பக்கத்து வேளாண் குடும்பங்களில் முன்பெல்லாம் சொத்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்மாமனிடமிருந்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அந்தப் பிள்ளைகள்தான் மருமக்கள். நான் சின்னவனாக இருந்தபோது சட்டம் வந்து அந்த முறை ஒழிந்தது. முறை ஒழிந்ததும் சொல்லும் இடம் பெயர்ந்துவிட்டது என்பதுதான் என் கண்டுபிடிப்பு. வயதானவர்கள் மருமகள் என்றால் சகோதரியின் மகளைச் சொன்னார்கள். மகன் கட்டியவளை ‘மகன் பெண்டாட்டி’ என்றார்கள். இளவயதுக்காரர்களுக்கு மருமகள் என்றால் மகனின் மனைவி மட்டும்தான். சகோதரியின் மகள் அவர்கள் பேச்சில் ‘தங்கச்சி மக’ ஆகிவிட்டிருந்தாள். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை மறுபக்கமும் எழுதி வைத்தேன். இதை ஒரு கட்டுரையாக்கி மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். போட்டார்கள். ஐந்தாறு பேர் படித்திருப்பார்கள். அதில் ஒருவர் வக்கீல்.

அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஆசிரியர் அறையில் என் எதிரே உட்கார்ந்தார். ஒரு தாளை நீட்டினார். கோர்ட்டில் தாக்கலான ஒரு உயிலின் நகல். எழுதினவர் எழுபது வயது தாண்டிய ஒரு விவசாயி. இரண்டு வருஷத்துக்கு முன்பு இறந்துபோனார். மனைவி முன்பே போய்விட்டாள். ஒரே மகனும் கல்யாணமான இரண்டாம் வருஷம் விஷக்காய்ச்சலில் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. உயில் நாலே வரி. தான் குடியிருக்கும் வீடும் அதை ஒட்டிய புரையிடத் தோட்டமும் கீழப்பத்து வயலும் ‘என் காலத்துக்குப் பிறகு என் மருமகளுக்கு’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். பெண்பிள்ளைகளின் பெயரை எழுதும் வழக்கம் அவர் தலைமுறையில் குறைவு. முறையை எழுதினால் போதும் என்று விட்டுவிட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் உயிரோடு இல்லை.

மருமகள் என்று சொல்ல அவருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அவர் தங்கையின் மகள், மயிலாடிப் பக்கம் கட்டிக் கொடுக்கப்பட்டவள். இன்னொருத்தி இறந்துபோன மகனின் மனைவி. குழித்துறைக்கு மேற்கே இருந்து வந்தவள். புருஷன் போன பிறகும் பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமனாருடனே இருந்தாள். வக்கீல் தங்கை மகளுக்காக வந்திருந்தார்.

“ஒரு பிரதேசத்துல ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம்ணு, அதை ஆராய்ச்சி பண்ணினவர் சொன்னா கோர்ட்டு கேக்கும். சட்டத்துல இடம் இருக்கு,” என்றார் வக்கீல். “நீங்க எழுதினதை அப்படியே சொன்னா போதும். எனக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாண்டாம்.”

அவர் என்னிடம் பொய் எதையும் கேட்கவில்லை. அதனால் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வழக்கு முடியும் மட்டும் இரண்டு கட்சிக்காரர்களோடும் பேச வேண்டாம், பேசினால் சாட்சிக்கு மதிப்புக் குறையும் என்று மட்டும் சொன்னார். அது சரி என்று எனக்கும் பட்டது. ஊர் ஊராகப் போய் முன்பின் தெரியாத நூறு பேரிடம் கேட்டவன், அந்த இரண்டு பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோர்ட்டுக்குப் போன நாள் நல்ல மழை. ஓட்டு வழியாக ஒழுகி பெஞ்சு நனைந்திருந்தது. எனக்கு முன்னால் மகன் மனைவியை விசாரித்தார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். மெலிந்த உருவம், வெள்ளைச் சேலை. அவளுடைய வக்கீல் கேட்டார்:

“உம்ம மாமனாரு உம்மை என்ன சொல்லிக் கூப்பிடுவாரு?”

“மருமகளேண்ணு விளிப்பாவ.”

“மத்தவங்க கிட்ட உம்மைப் பத்திப் பேசும்போது?”

“அப்பளும் அப்படித்தான் பறைவாவ. மருமக கஞ்சி வச்சா, மருமக வெந்நீரு எடுத்துத் தந்தாண்ணு.”

அவள் பேச்சில் மேற்குப் பக்கத்து இழுப்பு இருந்தது. பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நான் ஏறினேன். சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொன்னேன். பழைய ஆவணங்களில் அந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது, அறுபதுக்கு மேற்பட்டவர்கள் எப்படிச் சொல்கிறார்கள், இளையவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று நோட்டைப் புரட்டிக் காட்டினேன். நீதிபதி வடக்கே மலையாள தேசத்திலிருந்து வந்தவர். மருமக்கள் முறையிலேயே பிறந்து வளர்ந்தவர் போலிருக்கிறது, நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, “இந்த அம்மா தன் காதால கேட்டதைச் சொல்லுகாளே, அதுக்கு என்ன சொல்லுகீரு?” என்று கேட்டார்.

அதற்கு நான் சொன்ன பதில் இன்றும் ஒரு எழுத்து மாறாமல் நினைவில் இருக்கிறது. “இந்த அம்மா மேற்குத் தாலுகாவில் பிறந்தவர். அவர் பேச்சில் மருமகள் என்றால் மகன் மனைவிதான். பெரியவர் என்ன சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் இந்த அம்மா தன் பேச்சுக்கு மாற்றித்தான் ஞாபகம் வைத்திருப்பார். இப்போதுகூட ‘கூப்பிட்டார்’ என்று சொல்லாமல் ‘விளித்தார்’ என்றுதான் சொன்னார். பெரியவருடைய வார்த்தைக்கு இவர் நினைவு ஆதாரமாகாது.”

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். நான் இறங்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. நான் பேசியது எந்தப் பாஷை என்று யோசிப்பவள் போலப் பார்த்தாள்.

தீர்ப்பு தங்கை மகளுக்குக் கிடைத்தது. என் சாட்சியத்திலிருந்து நாலைந்து வரிகள் தீர்ப்பில் இருந்தன. வக்கீல் நகல் அனுப்பியிருந்தார். அதைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் காட்டினேன். மகன் மனைவி ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வெண்கல உருளியுமாகக் குழித்துறை பஸ் ஏறினாள் என்று யாரோ சொன்னார்கள். பாவம் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

நினைப்பு ஐந்து வருஷம் கழித்துத்தான் வந்தது. கட்டுரையைப் புத்தகமாக்கலாம் என்று நோட்டுகளை மறுபடி எடுத்தேன். கோட்டின் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்த கிழவர்களில் ஏழெட்டுப் பேர் தடுமாறியிருந்தார்கள். ஒரே ஆள் முதலில் ‘மகன் பெண்டாட்டி’ என்கிறார், பேச்சு வாக்கில் ‘மருமக’ என்கிறார். அதையெல்லாம் பிழை என்று ஓரத்தில் குறித்து ஒதுக்கியிருந்தேன். சொல் மாறுவது தலைமுறைக்குத் தலைமுறை என்றுதான் நான் படித்திருந்தேன். ஒரே மனிதனுடைய வாயில், அவன் கிழவனான பிறகும் மாறும் என்பதை அந்தப் பக்கங்கள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. நோட்டை மூடி வைத்தேன். மூன்று மாதம் எடுக்கவில்லை.

அடுத்த வருஷக் கோடை விடுமுறையில் குழித்துறைக்குப் போனேன். அப்போது எங்கள் தெற்குத் தாலுகாக்கள் சென்னையோடு சேருமா கேரளத்தோடு சேருமா என்று ஊரெல்லாம் பேச்சு. மேற்குப் பக்கத்தில் பேசுவது தமிழா மலையாளமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. மேற்குச் சொற்களைச் சேகரிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் ஊரைத்தான் விசாரித்தேன்.

அவள் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பல வருஷம் கொழும்பில் இருந்துவிட்டு, வழக்கு முடிந்த பிறகு திரும்பி வந்து சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். அவருக்கு என்னைத் தெரியாது. பழைய கடிதங்கள் இருந்தால் பார்க்க வேண்டும், சாதாரண ஜனங்கள் எப்படி எழுதினார்கள் என்று படிக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை, அந்த வேலையும் நான் செய்துகொண்டுதான் இருந்தேன். அவர் கொழும்புக்குப் போகும் முன் பூட்டி வைத்துப் போன பெட்டியைத் திறந்து, சணலால் கட்டிய ஒரு கட்டைத் தந்தார். சந்தைக்கு நேரமாயிற்று, “சாரு இருந்து பாருங்க, தங்கச்சி இருக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்துப் பன்னிரண்டு கார்டுகள் இருக்கும். எல்லாம் திருவிதாங்கூரின் பழைய அஞ்சல் கார்டுகள். மூன்றாவதோ நான்காவதோ எடுத்தபோது கையெழுத்தைப் பார்த்தேன். உயிலில் இருந்த அதே கையெழுத்து. ‘ம’வைக் கொக்கி போட்டு எழுதும் பழக்கம் அவருக்கு. நெய்யூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். ‘மருமகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்று. பயப்படும்படி இல்லை. இன்று மருமகள் எழுந்திருந்து கஞ்சி குடித்தாள். நான் கூட இருக்கிறேன். இவளுக்கு ஒன்று வந்தால் எனக்கு ஆருமில்லை.’ அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தது. உயில் எழுதிய அதே கொல்லம் வருஷம், அதே மாதம்.

அந்த வரிகளை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“வெள்ளம் குடிங்க. சாரு அண்ணைக்குக் கோர்ட்டில வந்த ஆளில்லியா?”

ஆமாம் என்றேன்.

“வந்தப்பளே தெரிஞ்சுது. அண்ணன் இருக்கச்சே பறையாண்டாம்ணு இருந்தேன்.”

கார்டை நீட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தாள். வாசித்து முடித்ததும், “ஆமா, பன்னெண்டு நாளு கூட இருந்தாவ. ஆஸ்பத்திரிக் கஞ்சி எனக்குப் பிடிக்கல்லேண்ணு வெளியே அடுப்புக் கூட்டி அவியளே வச்சுத் தந்தாவ. எனக்கு நல்ல ஓர்மை உண்டு,” என்றாள்.

ஞாபகத்துக்கு மேற்கே வழங்கும் ஓர்மை என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் நினைவு ஆதாரமாகாது என்று சொன்னவன் நான்.

“நான் சொன்னது தப்பு,” என்றேன். “அவர் உங்களைத்தான் நினைத்து எழுதியிருக்கிறார்.”

“அது எனக்குத் தெரியுமே,” என்றாள்.

இந்தக் கார்டை எடுத்துப் போய் வக்கீலிடம் காட்டுகிறேன், ஏதாவது செய்ய முடியுமா பார்க்கிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளே வக்கீலிடம் போனேன். அவர் கார்டை ஒருமுறை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். “அப்பீல் காலம் கழிஞ்சு எவ்வளவோ ஆச்சு. இனி ஒண்ணும் நடக்காது. நீரு ஏன் மனசைப் போட்டு அலட்டுகீரு? பொய்யா சொன்னீரு? அப்ப தெரிஞ்சதைச் சொன்னீரு. அவ்வளவுதானே.” நல்ல மனிதர். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கோர்ட்டு முடியாது என்றால் மனசு இருந்தால் முடியும் என்று நினைத்து, மயிலாடிப் பக்கம் தங்கை மகளைப் பார்க்கப் போனேன். தெருவில் கல் கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு பிள்ளைகள், சின்ன ஓட்டு வீடு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். அவளுக்கு நான் செய்தது பெரிய உபகாரம் அல்லவா. கருப்பட்டிக் காப்பி தந்தாள். கார்டை அவளே வாங்கி வாசித்தாள்.

“மாமா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?” என்று கேட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“என்னைப் பேரு சொல்லித்தான் விளிப்பாரு. சின்னதுல இருந்தே அப்படித்தான்.” கோர்ட்டில் மேற்குப் பேச்சு என்று நான் தள்ளிய அதே ‘விளி’ இவள் வாயிலும் வந்தது.

“அப்படியென்றால் உங்களுக்கு அப்போதே தெரியுமா?”

அவள் கார்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். “எனக்குச் சந்தேகம் உண்டாயிருந்துது. மாமா அவளை நினைச்சுத்தான் எழுதியிருப்பாருண்ணு எங்க வீட்டுக்காரரு கிட்டயும் சொன்னேன். வக்கீலு விடல்ல. பொறவு சார் வந்து, அந்தக் காலத்துக்காரங்களுக்கு மருமகண்ணா தங்கச்சி மகதாண்ணு சொன்னியோ. இத்தனை படிச்ச ஆளு சொல்லுகாரே, அப்ப சரியாத்தான் இருக்கும்ணு நானும் நம்பிட்டேன்.”

வீட்டைப் பற்றிக் கேட்டேன். வாங்கியவர்கள் இடித்துவிட்டு அரிசி மில் போட்டுவிட்டார்கள் என்றாள். வயலும் போய்விட்டது. இரண்டு பெண்பிள்ளைகளின் கல்யாணத்தில் எல்லாம் கரைந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அழுதாள். வஞ்சகமானவள் என்று நினைக்க முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அப்படி நினைக்க அவள் இடம் தரவில்லை.

குழித்துறைக்கு மறுபடி போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதம் ஏதாவது அனுப்புகிறேன் என்றேன். அவள் அப்போது ஓலை முடைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“அதெல்லாம் வேண்டாம் சாரே. வீடு போனதுக்கு எனக்கு வருத்தம் உண்டு. இல்லேண்ணு பறைய மாட்டேன். ஆனா அதைவிட ஒண்ணு உண்டு. பதினாலு வருஷம் அவிய வாயால கேட்ட வார்த்தையை, நான் கேக்கவே இல்லேண்ணு அத்தனை ஆளுக முன்னால பறஞ்சியளே. அதுக்குப் பொறவு எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துடும். அவிய அப்படி விளிச்சாவளா, நாம தான் நினைச்சுக்கிட்டோமாண்ணு.”

கொஞ்சம் கழித்து, “கார்டு வாசிச்ச பொறவு அந்தச் சந்தேகம் போச்சு. அது போதும். இனி சாரு வராண்டாம்,” என்றாள்.

நான் பிறகு போகவில்லை. கார்டைத் தபாலில் பதிவு செய்து அண்ணன் பேருக்குத் திருப்பி அனுப்பினேன். புத்தகத்துக்காக எழுதி வைத்திருந்ததில் உறவுச்சொற்கள் பகுதியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். என் மனைவி ஏன் என்று கேட்டாள். தப்பு இருக்கிறது என்றேன். திருத்தக் கூடாதா என்றாள். அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது. மீதியையும் நான் எழுதி முடிக்கவில்லை.

தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்த வருஷம், மழைக்காலத்தில், அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தங்கச்சிக்குப் பழைய வயிற்றுத் தீனம் திரும்பி வந்து மோசமாகி, போன செவ்வாய்க்கிழமை தவறிவிட்டாள், சாருக்கு அறிவிக்கிறேன் என்று இரண்டு வரி. என் விலாசம் அந்தப் பதிவுத் தபாலில் இருந்து கிடைத்திருக்கும். பதினாறாம் நாள் சடங்குக்குப் போனேன்.

ஆற்றில் செந்தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர்கூட இல்லை. சடங்கு முடிந்து ஈரவேட்டியோடு அண்ணன் படியேறி வந்து என் பக்கத்தில் நின்றார். இத்தனை தூரம் வந்ததற்கு நன்றி சொன்னார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, “சாருக்குத் தங்கச்சியை முன்னமே தெரியுமோ? அவ ஒண்ணும் பறஞ்சதில்லை,” என்று கேட்டார்.

“கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு சாட்சி,” என்றேன்.

“அப்படியா? அண்ணைக்கு நான் கொழும்பில கிடந்தேன். அவளுக்காவ ஒரு நாதி பேச இல்லாமப் போச்சேண்ணு இத்தனை நாளும் மனசு கிடந்து வெந்துது. அப்ப சாரு அவளுக்காவ ரெண்டு வார்த்தை பறைய வந்த ஆளாக்கும்.”

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் கண் நிறைந்திருந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களில் எள்ளும் தர்ப்பையும் ஒட்டியிருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. குழித்துறையில் பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் மழையில் என்னோடு நின்று, என்னை ஏற்றிவிட்டுத்தான் அவர் போனார்.